தானாகத் திரும்பிப் படுக்க முடிகிறதா?

நாயகம்,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டாய், "அப்பா, இந்த வாரமும் இளையரசனேந்தல் போயிட்டு வந்தீங்களா? அந்த அண்ணன் எப்படி இருக்காரு?" என்று. "போயிட்டு வந்தேன். இருக்காரு" என்றேன். பிறகு "நீங்க எப்படிப்பா இருக்கீங்க?" என்று கேட்டாய். நான் பதில் சொல்லாமல், "இந்தா, அம்மாட்ட பேசு" என்று போனை அவள் கையில் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டேன். வெளியே எனக்கு ஒரு வேலையும் இல்லை. உன் சக்கர நாற்காலி ஏறி இறங்குவதற்காக வாசலில் கட்டிய சாய்தளத்தின் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உன்னிடம் பேசி முடித்துவிட்டு அம்மா வந்தாள். "புள்ள கேட்டதுக்கு வாயத் தொறந்து பதில் சொன்னா கொறஞ்சா போயிருவிய?" என்றாள்.

வாயில் வராததை எழுதிப் பார்க்கிறேன். தாலுகா ஆபீஸில் இருந்த காலமெல்லாம் அடுத்தவர் மனுக்களுக்குக் குறிப்பு எழுதியே பழகிய கை இது. உனக்கென்று ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. பாலிடெக்னிக் படிக்கும்போதும், திருநெல்வேலியில் கட்டட சைட் சூப்பர்வைசராக இருந்தபோதும் வாரம் தவறாமல் வீட்டுக்கு வந்துவிடுவாய். வந்தால் அம்மாவிடம் பேசுவாய். நான் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு, நீங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். அது எனக்குப் போதுமானதாக இருந்தது. உனக்கும் போதுமா என்று யோசித்ததில்லை.

நீ விழுந்த செய்தி வந்தபோது நான் நம் ஊர்க் கோமதியம்மன் கோவில் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். சாரம் சரிந்து இரண்டாவது மாடி உயரத்திலிருந்து நீ விழுந்துவிட்டாய் என்று உன் கூட வேலை பார்த்த பையன் போனில் சொன்னான். கோவிலுக்குள் போகவில்லை. செருப்பையும் திரும்பப் போட்டுக்கொள்ளவில்லை என்பது திருநெல்வேலி ஆஸ்பத்திரி வராந்தாவில் சிமெண்டுத் தரை குளிர்ந்தபோதுதான் தெரிந்தது. அங்கிருந்து மதுரைக்குக் கொண்டுபோனோம். முதுகெலும்பு உடைந்து தண்டுவடம் நசுங்கியிருக்கிறது, இடுப்புக்குக் கீழே உணர்ச்சியும் அசைவும் இல்லை என்றார்கள். "எப்பய்யா நடப்பான்?" என்று அம்மா டாக்டரிடம் கேட்டாள். டாக்டர் மேசையில் இருந்த பேனாவைப் பார்த்துக்கொண்டு, இப்போதைக்கு ஒன்றும் சொல்ல முடியாது என்றார். படுத்திருந்த நீதான் பதில் சொன்னாய். "மொதல்ல உக்காருதேன்மா. பெறவு பாப்போம்" என்றாய். இருபத்தாறு வயதில் உனக்கு இருந்த நிதானம் எனக்கு இன்றைக்கும் வரவில்லை.

அதற்கு முன் உன்னைக் கடைசியாக எப்போது தொட்டேன் என்று அந்த ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். சின்னப் பிள்ளையாக இருக்கும்போது தோளில் தூக்கிக்கொண்டு தேர் பார்க்கப் போனது ஞாபகம் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் ஞாபகம் வரவில்லை. நம் பக்கத்து அப்பன்மார் எல்லோரும் அப்படித்தான். மீசை முளைத்த மகனைத் தொட்டுப் பேசமாட்டோம். அப்படி இருந்தவனை அழைத்து, ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை உங்கள் மகனைத் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும், இல்லாவிட்டால் படுக்கைப்புண் வந்துவிடும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு கை தோளுக்கு, ஒரு கை இடுப்புக்கு, முழங்காலை மடக்கிக்கொண்டு உருட்ட வேண்டும். முதல் தடவை கையை வைத்துவிட்டு உருட்டாமல் நின்றேன். "பயப்படாதீங்கப்பா, ஒடஞ்சது ஒடஞ்சாச்சு" என்று நீ சிரித்தாய். நர்ஸும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உன் உடம்பின் சூடு என் உள்ளங்கையில் இருந்தது. இவ்வளவு கனமாகவா வளர்ந்திருக்கிறான் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு அனுப்பும்போதுதான் அந்த ஆப்பைப் போட்டுக் கொடுத்தார்கள். உன் போன் விழுந்த இடத்திலேயே நொறுங்கிப்போனதால் என் போனில் போட்டார்கள். பயிற்சி கொடுத்த தெரபிஸ்ட் பெண் சொன்னாள், மாதம் ஒரு தடவை கேள்விகளுக்குப் பதில் போடுங்கள், முதுகைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள், நாங்கள் இங்கிருந்தே பார்த்துக்கொள்வோம், எல்லாவற்றுக்கும் மதுரைக்கு வர வேண்டாம் என்று. உன்னை வேனில் படுக்கவைத்து, ஒவ்வொரு வேகத்தடைக்கும் உன் பல் கடிபடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வந்தவர்களுக்குத்தான் அந்த வார்த்தையின் அருமை தெரியும். வீட்டுக்கு வந்து, "ஆப்பு போட்டுக் குடுத்திருக்காங்க" என்று சொன்னேன். "எவன்? இன்னும் நமக்கு என்ன ஆப்பு வைக்கணுமாம்?" என்று அம்மா கரண்டியோடு வந்து நின்றாள். விழுந்ததற்குப் பிறகு நம் வீட்டில் மூன்று பேரும் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான்.

அந்தக் கேள்விகளை நான் ஆபீஸ் குரலில் வாசிப்பேன். நீ மேலே ஓடுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு பதில் சொல்வாய். உணவு உண்ணுதல், உடை அணிதல், படுக்கையில் தானாகத் திரும்பிப் படுக்க முடிகிறதா. ஒவ்வொன்றுக்கும் கீழே கட்டங்கள் இருக்கும். இயலாது, உதவியுடன், உபகரணத்துடன், உதவியின்றி. அந்தத் தமிழைப் பார்த்து உனக்கு எரிச்சல் வரும். 'சிறுநீர்ப்பை மேலாண்மை' என்று வாசித்தபோது, "ஒண்ணுக்குப் போறதுக்கு ஒரு மேனேஜர் வேணுமாக்கும்" என்றாய். 'இடமாற்றம்' என்று ஒரு தலைப்பு இருந்தது. எனக்கு இடமாற்றம் என்றால் சிவகிரிக்குத் தூக்கியடிப்பதுதான். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவதைத்தான் அப்படிப் போட்டிருக்கிறார்கள் என்று நீ விளக்கிச் சொன்னாய். அந்த முதல் மாதம் எல்லாக் கட்டத்திலும் 'இயலாது' என்றும் 'உதவியுடன்' என்றுமே அழுத்தினேன். உதவியுடன் என்று அழுத்தும்போதெல்லாம் அந்த உதவி நான்தான் என்று எனக்குள் ஒரு நினைப்பு ஓடும். அதை இப்போது சொல்லிவிடுகிறேன்.

உன் முதுகை முதல் தடவை போட்டோ எடுத்த நாள் உனக்கு நினைவிருக்கும். ஒருக்களித்துப் படுக்கவைத்து, வெளிச்சம் விழட்டும் என்று ஜன்னலைத் திறந்துவிட்டு எடுத்தேன். அனுப்புவதற்கு முன் "காட்டுங்கப்பா" என்று போனை வாங்கினாய். ஆப்பரேஷன் செய்த தழும்பு நடு முதுகில் நீளமாகக் கிடந்தது. நீ அதைப் பெரிதாக்கிப் பார்த்தாய், நகர்த்திப் பார்த்தாய், திரும்பப் பார்த்தாய். "இது என் முதுகுதானான்னே தெரியல" என்றாய். அதற்குப் பிறகுதான் உன் உடம்பை நீயே கவனிக்கத் தொடங்கினாய். மறுமாதம் போனை உன் கையில் வாங்கிக்கொண்டாய். கேள்வியை நீயே வாசித்தாய், நீயே அழுத்தினாய்.

அப்போதுதான் நமக்குள் சண்டை வந்தது. 'மேலாடை அணிதல்' என்ற கேள்விக்கு 'உதவியின்றி' என்று அழுத்தப் போனாய். "சட்டைய பின்னால நான்தானே இழுத்துவிட்டேன்" என்றேன். "அது நீங்களா வந்து இழுத்தது. நான் கேக்கல" என்றாய். "இழுத்துவிட்டாத்தானே சரியாயிருக்கு." "சுருங்கி இருந்தா இருந்துட்டுப் போவுது. சட்ட போட்டாச்சா இல்லியா?" அம்மா அடுப்படியிலிருந்து, "ஒரு சட்டைக்கு இம்புட்டு வழக்கா?" என்றாள். நீ அழுத்திவிட்டாய். நான் எழுந்துபோய் மோட்டாரைப் போட்டேன். தொட்டியில் தண்ணீர் ஏற்கெனவே நிறைந்துதான் இருந்தது.

கட்டிலிலிருந்து நாற்காலிக்கு நீயாக மாறிய காலை வந்தது. இரண்டுக்கும் இடையில் பலகையைப் போட்டுவிட்டு, "கைய பின்னால கட்டிக்கிட்டு நில்லுங்க. நான் விழுந்தாலும் சொல்லாம தொடக் கூடாது" என்றாய். பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். அம்மா பார்க்க முடியாது என்று சொல்லிச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். உள்ளங்கையை ஊன்றி இடுப்பைத் தூக்கினாய். பாதி வழியில் ஒரு நிமிஷம் நின்றுவிட்டாய். உன் தோள் ரெண்டும் அதிர்ந்தன. என் விரல்களை நானே நெரித்துக்கொண்டேன். பிறகு நகர்ந்தாய், நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தாய், காலைக் கையால் எடுத்து அதன் மிதிதட்டில் வைத்தாய். "போடுங்கப்பா, உதவியின்றி" என்று போனை என்னிடம் நீட்டினாய். நான்தான் அழுத்தினேன். சந்தோஷமாகத்தான் அழுத்தினேன், அதில் உனக்குச் சந்தேகம் வேண்டாம். ஆனால் அன்று மத்தியானம் வழக்கமாக உன்னைத் தூக்குகிற நேரத்தில் கை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றது. பூ மார்க்கெட் வரை நடந்துபோய், ஒன்றும் வாங்காமல் திரும்பி வந்தேன்.

நீ சும்மா இருக்கிறவன் இல்லை. நம் ஊர்க் கழிப்பறை எப்படி இருக்கும், வாசல்படி எவ்வளவு உயரம், கதவுக்குள் நாற்காலி நுழையுமா என்பதெல்லாம் கேட்காமல் ஒருவனுக்கு என்ன முடியும் என்று எப்படிச் சொல்வீர்கள் என்று அந்த ஆப் நடத்துகிறவர்களுக்கு எழுதினாய். நீ கட்டடம் படித்தவன். வீடு சரியாக இருந்தால் பாதி 'இயலாது' தானாக மாறிவிடும் என்று படம் போட்டு அனுப்பினாய். அவர்கள் உன்னோடு பேசினார்கள். கேள்விகளை ஜனங்கள் பேசுகிற தமிழில் மாற்றிக் கொடுத்தாய். கடைசியில் சென்னைக்கே வந்து சேரச் சொன்னார்கள். புதிதாக அடிபட்டவர்களோடு போனில் பேசுவது, ஆப்பைப் பழக்கிக் கொடுப்பது, அவர்கள் வீட்டை எப்படி மாற்றலாம் என்று சொல்வது. அந்த வேலைக்கு உன்னைவிடத் தகுந்த ஆள் இல்லை என்று தெருவில் எல்லோரிடமும் சொன்னேன். உன்னிடம் சொன்னேனா என்று ஞாபகமில்லை. உன் சிநேகிதர்கள் கார் கொண்டுவந்தார்கள். அம்மா பொடி வகைகளைக் கட்டிக் கொடுத்து அழுதாள். நான் காரின் நாலு டயரையும் காலால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீ போன பிறகு ஒவ்வொரு மாதமும் நீ உன் போனில் பதில் போட்டது ஆப்பின் பகிர்வில் என் போனுக்கும் வரும், பார்ப்பேன். தோலில் மாற்றம் ஏதும் இல்லை. தூக்கம் பரவாயில்லை. வெளியே போய்வருவது, உதவியின்றி. பார்த்துவிட்டு நிம்மதியாகப் போனை வைத்துவிடுவேன். உன்னோடு பேசிவிட்டது போலவே இருக்கும். ஒரு மாதம் திறந்தபோது உன் பெயரே வரவில்லை. 'பகிர்வு நிறுத்தப்பட்டுள்ளது' என்று ஒரே ஒரு வரி இருந்தது. போன் கெட்டுவிட்டது என்று நினைத்துக் கடைவரை கொண்டுபோனேன். கடைக்காரப் பையன் பார்த்துவிட்டு, "போன்ல ஒண்ணுமில்ல அண்ணாச்சி. அந்தப் பக்கம் நிப்பாட்டியிருக்காங்க" என்றான். தெருவில் நின்றே உன்னைக் கூப்பிட்டேன்.

"ஏலே, ஆப்புல உன் பேரையே காணோம். என்னாச்சு?"

"நான்தான்ப்பா எடுத்துட்டேன்."

"என்னத்துக்கு?"

"என்னையப் பத்தித் தெரியணும்னா எங்கிட்ட கேளுங்க."

"கேட்டா சொல்லிருவியோ?"

"நீங்க கேட்டுப் பாத்ததே இல்லையேப்பா."

அதற்கு நான் சொன்ன வார்த்தை உனக்கும் மறந்திருக்காது. "உன்னையக் கழுவிவிட்டவன்லே நான். எனக்கு மறைக்க உங்கிட்ட என்ன இருக்கு?" என்று கத்தினேன். ரோட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நீ "வைக்கேன்ப்பா" என்றாய், அவ்வளவுதான். அந்த வார்த்தையை எந்த அப்பனும் சொல்லக் கூடாது. செய்ததைச் சொல்லிக்காட்டினால் செய்தது கெட்டுப்போகும் என்று தெரிந்தும் வாயிலிருந்து வந்துவிட்டது. அதற்குப் பிறகு வாரக்கணக்கில் நீ அம்மாவிடம் மட்டும் பேசினாய். நான் முன்பு போலவே பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் அது இப்போது போதவில்லை. அவள் ஸ்பீக்கரைப் போட மாட்டாளா என்று இருந்தது. ஒரு நாள் நானே வாய்விட்டுக் கேட்டேன். "நேரா பேசுனா கேக்கும்லா?" என்றாள்.

அப்படி இருக்கும்போதுதான் நீயாக என்னைக் கூப்பிட்டாய். அப்பா, இளையரசனேந்தலில் ஒருவர் இருக்கிறார், ஆட்டுக்குக் குழை வெட்ட வேப்பமரத்தில் ஏறி விழுந்தவர், ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிட்டார்கள், அவர்கள் வீட்டில் இருப்பது பட்டன் போன், நீங்கள் உங்கள் போனைக் கொண்டுபோய்க் கேள்விகளைக் கேட்டு அனுப்ப முடியுமா என்று கேட்டாய். 'முடியுமா' என்று நீ என்னிடம் கேட்டது எனக்குப் பிடித்திருந்தது. மறுநாள் காலையிலேயே குருவிகுளம் வழியாக அந்த ஊருக்குப் போகிற பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

அவர் பெயர் மாரியப்பன். நாற்பது வயது இருக்கும். முன் அறையில் கயிற்றுக் கட்டிலில் மல்லாந்து கிடந்தார். முகத்தைச் சுவர்ப்பக்கம் வைத்திருந்தார். அவர் மனைவி எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். நான் உன் பெயரைச் சொல்லி, என் மகன்தான் போனில் பேசினான் என்றேன். அவர் திரும்பவில்லை. போனை எடுத்துக் கேள்விகளைக் கேட்டேன். நீ மாற்றிக் கொடுத்த தமிழ் அது, ஆபீஸ் குரலுக்கு வேலை இல்லை. கையால் சாப்பிட முடியுதா என்று கேட்டேன். "அதுக்கு என்ன கொறச்சல்" என்றார். சட்டை போட முடியுதா என்றேன். "எங்க போறதுக்கு?" என்றார். தானாகத் திரும்பிப் படுக்க முடியுதா என்று கேட்டதும் கண்ணை மூடிக்கொண்டார்.

அவர் மனைவிதான் சொன்னாள். "நான் ஒருத்திதான் திருப்புதேன் அண்ணாச்சி. காலையில காட்டு வேலைக்குப் போனா பொழுதடைய வாரேன். வந்துதான் திருப்பணும்." பகல் முழுக்க அந்த மனிதர் மல்லாந்தே கிடக்கிறார் என்று புரிந்தது. எனக்கு உட்கார முடியவில்லை. "தம்பி, நான் திருப்பட்டுமா?" என்று கேட்டேன். அவர் கண்ணைத் திறந்து பார்த்தார். "நீங்க என்னத்துக்கு அண்ணாச்சி... அழுக்கா கெடக்கேன்" என்றார். "எனக்குப் பழக்கந்தான்" என்றேன்.

கையை நெஞ்சின் மேல் வைத்துக்கொள்ளச் சொன்னேன். முழங்காலை மடக்கினேன். தோளில் ஒரு கையும் இடுப்பில் ஒரு கையும் வைத்தேன். யோசிக்கவே இல்லை நாயகம், கை அதுவாகச் செய்தது. அவர் உடம்பு என் பக்கம் உருண்டு வந்து என் மேல் சாய்ந்தது. அவர் வேஷ்டியை விலக்கிப் பார்த்தால் வால் எலும்புக்கு நேரே தோல் கறுத்து, ஓர் உள்ளங்கை அகலத்துக்கு இருந்தது. தொட்டால் சுட்டது. விரலால் அழுத்தி எடுத்தேன். நிறம் மாறவில்லை. அது படுக்கைப்புண்ணின் தொடக்கம் என்று எனக்குத் தெரியும். கதவைத் திறந்து வெளிச்சம் வரவைத்து, போட்டோ எடுத்து அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் தெரபிஸ்ட் பெண் கூப்பிட்டாள். தோல் இன்னும் உடையவில்லை, இந்த இடத்தில் இனிமேல் கனமே விழக் கூடாது, உடைந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டும் என்றாள். மனைவிக்கு நான் செய்து காட்டினேன். பக்கத்து வீட்டு அக்காவையும் கூட்டிவரச் சொல்லி, பகலில் அவள் திருப்ப ஒத்துக்கொள்ளும் வரை உட்கார்ந்திருந்தேன்.

முதுகுக்குத் தலையணை கொடுத்துச் சாய்த்துப் படுக்கவைத்த பிறகு மாரியப்பன் பேசினார். "உங்க மகனும் இப்பிடித்தான் கெடந்தாரா அண்ணாச்சி?"

"இப்பிடித்தான் கெடந்தான்."

"இப்ப எங்கன இருக்காரு?"

"மெட்ராஸ்ல. வேலைக்குப் போறான். அவனே சமைக்கான், அவனே குளிக்கான். ஆளு வேண்டாம் அவனுக்கு."

"அப்ப உங்களுக்கு இனிமே ஒரு கவலையும் இல்ல" என்றார்.

என் கை அவர் தோளிலேயே இருந்தது. எடுக்க வேண்டும் என்று தோன்றவில்லை. ஆமாம் என்று சொல்லியிருக்கலாம், அவருக்குத் தெம்பாக இருந்திருக்கும். "வாரேன் தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தபோது என் கையில் வியர்வையும் பவுடரும் கலந்த அந்த வாசனை இருந்தது. நீ படுத்திருந்த அறையின் வாசனை. மக்காச்சோளக் காட்டைப் பார்த்துக்கொண்டே அழுதேன். டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டர் என்னைப் பார்த்துவிட்டு அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார். திரும்பி வந்து ஒன்றும் கேட்காமல் டிக்கெட்டைக் கையில் வைத்தார்.

நீ கேட்டாயே, எப்படி இருக்கிறீர்கள் என்று. இப்படித்தான் இருக்கிறேன். நீ எழுந்து உட்கார வேண்டும், யார் தயவும் இல்லாமல் போய்வர வேண்டும் என்று நேர்ந்துகொள்ளாத கோவில் இல்லை. எல்லாம் நடந்தது. உன்னைத் தூக்கின நாட்கள் திரும்பி வர வேண்டும் என்று எந்த அப்பனாவது நினைப்பானா? நான் நினைக்கவில்லை. ஆனால் அந்த நாட்களில் நீ என் கைக்குள் இருந்தாய். திருப்பும்போது உன் மூச்சு என் கழுத்தில் படும். அந்த நேரத்தில் நாம் எவ்வளவோ பேசினோம், கிரிக்கெட், கொத்தனார்கள், அம்மாவின் குழம்பு என்று. பேசுவதற்கு ஒரு வேலை இருந்தது நமக்கு. அந்த வேலை போனதும் எனக்குப் பேச்சும் போய்விட்டது. இதில் உன் தப்பு ஒன்றும் இல்லை. எனக்கு உன்னைத் தேடுகிறது, அவ்வளவுதான். சாப்பிட உட்கார்ந்தால் தேடுகிறது. உன் கட்டிலில் துவைத்த துணியை மடித்து வைக்கும்போது தேடுகிறது.

மாரியப்பனுக்கு இப்போது பரவாயில்லை. கறுப்பு மங்கிவிட்டது. நான் வாரம் ஒரு தடவை போகிறேன். நீ வரைந்து அனுப்பிய படத்தைப் பார்த்து அவர் மச்சான் வாசலில் மண்ணும் செங்கல்லும் போட்டுச் சாய்தளம் கட்டிக்கொண்டிருக்கிறான். போன வாரம் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, சட்டை போட்டுக்கொண்டு என்னை எதிர்பார்த்திருந்தார். 'உதவியுடன்' என்று அழுத்தினேன். அவர் மனைவி எட்டிப் பார்த்து, "அந்த உதவி நாந்தானே?" என்று கேட்டாள். அவள் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்தபோது உனக்கு ஒன்று சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அடிபட்டவரிடம் பேசும்போது, திருப்புகிறவரிடமும் ரெண்டு வார்த்தை பேசு. சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேள். அவர்களிடம் யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் என்னைப் போலச் சிலர் போனை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். நீ விடாதே, திரும்பவும் கேள்.

இன்னொன்று. நீ யாரோ ஒரு பெண்ணோடு பேசிக்கொண்டிருக்கிறாய் என்று அம்மா சொன்னாள். சொல்லக் கூடாது என்று சொன்னாயாம், அதையும் சேர்த்துச் சொன்னாள். நான் விசாரிக்கப் போவதில்லை. அவளிடம் 'உதவியின்றி' செய்கிறதை மட்டும் காட்டிக்கொண்டிருக்காதே. உனக்கு முடியாததும் அவளுக்குத் தெரியட்டும். சட்டை பின்னால் சுருங்கியிருக்கிறது என்று அவள் இழுத்துவிட வந்தால், நான் கேட்கவில்லை என்று சொல்லாதே. கொஞ்சம் குனிந்து கொடு. உன்னால் முடியும் என்று அவளுக்கும் தெரியும். தெரிந்தேதான் இழுத்துவிடுவாள்.

அந்தப் பகிர்வைத் திரும்பப் போட வேண்டாம். நீ எடுத்தது சரிதான். இனிமேல் நான் கேட்கிறேன். மழை பெய்தால் ஆபீஸுக்கு எப்படிப் போகிறாய்? லிப்ட் ஓடாத அன்று என்ன செய்கிறாய்? முதுகு வலிக்கிறதா? அங்கே உன் பேச்சைக் கேட்க ஆள் இருக்கிறதா? எங்களை நினைக்கிறாயா? முதலில் தப்புத் தப்பாகத்தான் கேட்பேன். பொறுத்துக்கொள்.

கோமதியம்மன் ஆடித் தபசுத் திருவிழாவுக்கு ரயிலில் வருகிறேன் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறாய். முந்தாநாள் ஸ்டேஷனுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். மெட்ராஸிலிருந்து வருகிற செங்கோட்டை வண்டி வந்து நின்றது. பெட்டியின் வாசல் குறுகல், படிகள் செங்குத்து, உன் நாற்காலி அதில் நுழையாது, உன் பலகையும் அங்கே ஆகாது. இதையெல்லாம் மாற்ற வேண்டும் என்று நீ யாருக்காவது எழுதுவாய். எழுது, மாற்றட்டும், மாற்றத்தான் வேண்டும். ஆனால் இந்த ஆடிக்குள் மாற்றிவிட மாட்டார்கள் என்பதில் எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். "உங்க இடுப்பு தாங்குமா, போர்ட்டரக் கூப்பிடுங்க" என்கிறாள் அம்மா. ஒரு மாதமாகத் தண்ணீர்க் குடத்தை நான்தான் தூக்குகிறேன் என்பதை அவள் கவனிக்கவில்லை. நீ யாரையும் கூப்பிடாதே. வண்டி நின்றதும் வாசல் பக்கம் நகர்ந்து வந்து உட்கார்ந்துகொள். கையை என் கழுத்தில் போடு. நான் தூக்கிக்கிடுதேன்.

அப்பா